அரிசி ஏறிவந்த மலையில் பட்டா ஏன் ஏறவில்லை?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் இருக்கும் நெல்லியாளம் ஒரு நகராட்சி. நகராட்சி என்றதும் பேருந்து நிலையம், கடைவீதி, நெருக்கமான தெருக்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். பெரும்பகுதி தேயிலைச் சரிவுகள். நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதைத் தாண்டினால் காடு, காட்டோரத்தில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகள் வாழும் சிறு குடியிருப்புகள். ராத்திரியில் யானை வரும். கூடலூரை ஒட்டிய ஓவேலியும் தேவர்சோலையும் பேரூராட்சிகள்; அங்கேயும் இதே காட்சிதான்.

இதனால் என்ன என்று கேட்கலாம். 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்காக எழுதப்பட்டது. பேரூராட்சியிலோ நகராட்சியிலோ குடியிருப்பவருக்கு அதில் இடம் இருக்கவில்லை. நீலகிரியில் 2024 வரை நகராட்சிகள் 4, பேரூராட்சிகள் 11, கிராம ஊராட்சிகள் வெறும் 35 இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நகர்ப்புறவாசிகள் சுமார் 59 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரியே 48தான். காகிதத்தில் பார்த்தால், சமவெளி மாவட்டங்கள் பலவற்றைவிட இந்தக் காட்டு மாவட்டம் நகரமாகிவிட்டது. அடைமழைக் காலத்தில் தோட்டத்தில் கூலி கிடைக்காமல் முடங்கும் பணியர் குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய நூறு நாள் வேலை, அவர்கள் ஊர் எந்த வகை உள்ளாட்சி என்ற ஒரே காரணத்தால் கிடைக்காமல் போனது. 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண்கள் சாலைக்கு வந்து மறித்தது நினைவிருக்கலாம். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நகரவாசி ஆவதால் என்ன இழப்பு என்பதை அவர்கள் நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

வளரும் நாடுகளில் வறுமையைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தால் எவ்வளவு நிதி, எத்தனை திட்டம், எத்தனை பயனாளி என்றுதான் ஆரம்பிக்கிறோம். நிதி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எந்த வறுமை கரையும், எது அப்படியே நிற்கும் என்பதை நிதியைவிட அதிகமாக முடிவு செய்வது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. ஏழைக்கு ஒன்றைக் கொடுப்பதற்கு இன்னொருவரிடமிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருக்கிறதா? அரசு கஜானாவிலிருந்து, அதாவது எல்லோருடைய வரியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தால் போதும் என்றால் காரியம் நடந்துவிடும். யாரிடமிருந்து எடுக்க வேண்டுமோ அவருக்குப் பெயர், முகவரி, வழக்கறிஞர் எல்லாம் இருந்தால் காரியம் தலைமுறைக்கணக்கில் இழுக்கும். நீலகிரி மலையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்திருக்கின்றன.

நடந்ததை முதலில் சொல்லிவிடலாம். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகளின் பங்கு 2.20 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 14.96. உணவு, பள்ளி, பிரசவ கவனிப்பு, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு போன்றவற்றை வைத்துப் போடும் கணக்கு இது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று முழங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி தேர்தலின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவை எம்ஜிஆர் 1982இல் சத்துணவாக விரித்தார். கிலோ 2 ரூபாய் அரிசி 2006இல், 1 ரூபாய் 2008இல், இலவச அரிசி 2011இல். காலை உணவு 2022இல் வந்தது, மகளிர் உரிமைத்தொகை 2023இல். ஆட்சி மாறும்போது முந்தையவர் கொடுத்ததை அடுத்தவர் நிறுத்த முடியாது, மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்க முடியும் என்ற நிலையை இரண்டு கழகங்களின் போட்டி உண்டாக்கியது.

இதில் சாமர்த்தியமான முடிவு 1997இல் எடுக்கப்பட்டது. மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கச் சொன்னபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. எல்லா அட்டைக்கும் ரேஷன். வசதியுள்ளவனுக்கு எதற்கு அரிசி என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியர் வீட்டு அட்டையும் அதே கடையில் இருப்பதால்தான் கடை திறக்காவிட்டால் சத்தம் கேட்கிறது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய கடை மூடிக்கிடந்தால் தாசில்தார் அலுவலகம் வரை போய்க் கேட்க ஆள் இருக்காது. கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ கொட்டும் மழையில் லாரி ஏறிவந்து ரேஷன் மூட்டை இறங்குகிறது என்றால், குன்னூர் டவுன்காரரின் அட்டையும் அதில் பங்கு வகிப்பதால்தான்.

ஆக, அரிசி மலை ஏறிவிட்டது. ஏறிய அரிசியைக் கேலி பேச எனக்கு மனமில்லை. 'இலவசத்தால் கெட்டுப்போனார்கள்' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பசித்துப் படுத்தவர்கள் இல்லை.

ஆனால் 2.20 ஒரு சராசரி. தமிழ்நாட்டில் பாதிப்புக்கு அதிகம் உள்ளாகக்கூடிய பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) நீலகிரியில் வாழ்கிறார்கள். இருந்தும் 2011 கணக்கில் மாவட்டத்தின் 7,35,394 பேரில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அவர்கள் எல்லோரும் பட்டினி கிடந்தாலும் மாநிலச் சராசரியின் முதல் தசமம்கூட அசையாது. வாக்குக் கணக்கும் அப்படியே. தமிழ்நாடு சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் நீலகிரிக்கு வெளியே. கூடலூர் தனித்தொகுதிதான், ஆனால் அது பட்டியல் சாதியினருக்கானது; நீலகிரி மக்களவைத் தொகுதியும் அப்படியே. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் கிராம சபைக்கு நிலத்தின் மேலும் காட்டுப் பொருள்களின் மேலும் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மலைக்கு ஏறவே இல்லை. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு சட்டமாவது அங்கே உண்டு.

ஒரு நாட்டில் தேர்தலும் பத்திரிகையும் இயங்கினால் பெரும் பஞ்சம் வராது என்று அமர்த்தியா சென் வாதிட்டார். அதே நாடு தினசரி அரைவயிற்றைப் பல தலைமுறை சகித்துக்கொள்ளும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். கண்ணுக்குத் தெரியும் துயரத்துக்கு அரசியல் உடனே அசைகிறது. நிலமில்லாமை அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரும் அதனால் ஒரே நாளில் சாவதில்லை.

ஒரு தாலுகா, இரண்டு பெரிய வழக்குகள்

கூடலூர் நிலத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வறுமையின் முடிச்சு அதில்தான் விழுந்திருக்கிறது.

இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதி அந்தக் காலத்தில் வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு. 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். நிலம் முழுக்க ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களுடையது. பெரிய ஜென்மி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம். கோவிலகம் ஆங்கிலேயக் கம்பெனிகளுக்குக் காப்பிக்கும் தேயிலைக்கும் நீண்டகாலக் குத்தகை கொடுத்தது. வயலில் உழைத்த பணியர்களோ தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகள். காட்டுநாயக்கர்கள் தேன், கிழங்கு என்று காட்டை நம்பி வாழ்ந்தார்கள். நிலத்துக்குக் காகிதம் என்ற பழக்கமே இவர்கள் இருவருக்கும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி அரசு ஊக்குவித்த காலத்தில் கேரளத்திலிருந்து சிறு விவசாயிகள் ஏறிவந்து காட்டைத் திருத்தினார்கள். 1960களின் கடைசியிலிருந்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வந்தார்கள்.

தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 80,000 ஏக்கர் ஜென்ம நிலம் அரசுக்கு வர வேண்டும், உழுதவருக்கு ரயத்துவாரி பட்டா கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தோட்டக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1972இல் வந்த தீர்ப்பு, ஜென்ம நிலத்துக்குள் இருக்கும் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று சொல்லி அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. நாடாளுமன்றம் 1974இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சட்டம் முழுவதையும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணைக்குள் போய்விட்டால் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் உடைக்க முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. அதையும் எதிர்த்து வழக்கு போனது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் செல்லாது. ஐ.ஆர்.கோயலோ வழக்கு என்று சட்டக்கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். இட ஒதுக்கீட்டு விவாதங்களில் அந்தப் பெயர் அடிபடும்போது, அது கூடலூர் தேயிலைச் சரிவில் முளைத்த வழக்கு என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போனவர் நிலம்பூர் கோவிலகத்தின் டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு. 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, நில உரிமை யாரிடம் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று நாடு முழுவதற்கும் வரையறுத்தது. மரம் காப்பாற்றப்பட்டது, நல்லது. ஆனால் பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் ஒரே ஆணையில் காட்டுக்குள் இருப்பவராகிவிட்டார்.

இந்தியாவின் சட்ட வரலாற்றைத் திருப்பிப்போட்ட இரண்டு வழக்குகள் ஒரே தாலுகாவில் பிறந்திருக்கின்றன. இரண்டிலும் ஜென்மி வந்தார், கம்பெனி வந்தது, அரசு வந்தது, வனத்துறை வந்தது. அந்த நிலத்தில் வியர்வை சிந்திய பணியர் எந்த வழக்கின் தலைப்பிலும் இல்லை.

உள்ளூரில் 'செக்‌ஷன் 17' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தோட்டக் குத்தகைகளைப் பற்றியது. அந்தப் பிரிவில் வந்த நிலங்கள் பட்டாவும் ஆகாமல், முழுக்க அரசு நிலமாகவும் கைக்கு வராமல், வழக்கு முடியட்டும் என்று தொங்கின. கம்பெனி தேயிலை பறித்துக்கொண்டே இருந்தது. வழக்கு இழுப்பதால் அதற்கு நஷ்டமில்லை. அதே நிலத்தில் வீடு கட்டியிருந்த சாதாரணக் குடும்பத்துக்குப் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடையாது, வங்கிக் கடன் கிடையாது, அரசின் வீடு கட்டும் திட்டத்தில் விண்ணப்பிக்க முடியாது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளரும் செக்‌ஷன் 17 பிரச்சினையைத் தீர்ப்போம் என்று பேசுவார்கள். தீர்க்க முடியாமல் இருப்பதற்கு அவர்களின் சோம்பல் மட்டும் காரணமில்லை. அந்த நிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழைகள் ஒரே வகையினர் இல்லை. ஆதிவாசி, மலையாளி விவசாயி, வயநாடன் செட்டி, தாயகம் திரும்பியவர் என்று நான்கு தரப்பு. ஒருவருக்கு முதலில் பட்டா என்றால் மூவர் ஓட்டு போய்விடும். அப்புறம் யானை இருக்கிறது. அதன் வழித்தடத்துக்காகப் பேசும் சூழலியலாளர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இத்தனை பேர் மோதும் இடத்தில் அரசியல்வாதிக்குப் பாதுகாப்பான வழி, எதையும் முடிக்காமல் அரிசியை மட்டும் தவறாமல் அனுப்புவது.

ஆதிவாசிகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். கூலி கேட்டுக்கூடக் குரல் உயர்த்தாதவர்கள் என்று பெயரெடுத்த மக்கள். அதற்குப் பின் ஆதிவாசி முன்னேற்ற சங்கம் செய்த காரியம் சாதுரியமானது: கையில் இருக்கும் துண்டு நிலத்தில் தேயிலை நடுங்கள் என்றார்கள். தேயிலைச் செடி பல பத்தாண்டு நிற்கும் பயிர். கிழங்கோ ராகியோ போட்டிருந்தால் அடுத்த வருடம் யாரும் வந்து இது என் நிலம் என்பான். வேர் பிடித்த தேயிலையைப் பிடுங்கி எறிவது அவ்வளவு சுலபமில்லை. பட்டாவுக்குப் பதிலாகச் செடியை நட்டார்கள். கூடலூரில் அவர்களே நடத்தும் மருத்துவமனையும் அந்த இயக்கத்திலிருந்து வந்ததுதான்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபோது கதவு திறந்தது போலத் தெரிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா கொடுப்பது பல வருடம் நின்றது. 2016இல் தடை நீங்கிய பிறகுதான் பட்டாக்கள் வரத் தொடங்கின. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் எட்டு வருடம் பின்தங்கிய தொடக்கம். அதற்குள் 2007இல் முதுமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. காப்பகத்துக்குள் இருந்த குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டில் மறுகுடியமர்வு பேசப்பட்டது. பட்டா நிலம் வைத்திருந்த செட்டிகளுக்கும் நிலமே இல்லாத பணியர்களுக்கும் அந்தப் பத்து லட்சத்தின் அர்த்தம் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

பக்கத்து மாநிலமும் தூரத்து நாடுகளும்

எருமாடு என்ற எல்லையூரைத் தாண்டினால் கேரளம். 2025 நவம்பர் 1 அன்று கேரள அரசு தன்னை அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தது. வீடு வீடாகப் போய் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன வேண்டும் என்று தனித்தனியாகத் திட்டம் போட்டதாகச் சொன்னார்கள். கணக்கெடுத்த முறை பற்றிப் பொருளியலாளர்கள் சிலரும் ஆதிவாசி அமைப்புகளும் கேள்வி எழுப்பினார்கள். கேள்வி நியாயமானது. நிலச் சீர்திருத்தத்துக்கு உதாரணமாக உலகமே காட்டும் மாநிலத்தில்தான் 2003இல் வயநாட்டின் முத்தங்காவில் நிலம் கேட்டுக் காட்டுக்குள் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. கேரளச் சட்டம் குத்தகைதாரருக்கு நிலம் கொடுத்தது. பணியர் குத்தகைதாரர் இல்லை, கூலி. தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் உச்சவரம்புச் சட்டத்திலும் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. மலையில் பெரிய நிலம் என்றாலே தோட்டம்தான். அதைத் தொடாமல் நிலச் சீர்திருத்தம் பேசினால் மலைக்கு அதில் பங்கே இல்லை.

நிலத்தைத் தொட்ட நாடுகள் இருக்கின்றன. தைவானில் 1949 தொடங்கி 1953 வரை குத்தகையைக் குறைத்து, கடைசியில் உழுபவனுக்கே நிலத்தைக் கொடுத்தார்கள். கோமின்டாங் கட்சி சீனப் பெருநிலத்தில் தோற்றுத் தீவுக்கு வந்து சேர்ந்த கட்சி. தைவான் நிலவுடைமையாளர்களோடு அதற்கு உறவுமில்லை, கடனுமில்லை. சொந்தக்காரனின் நிலத்தை எடுக்க முடியாதவர்கள் அந்நியனின் நிலத்தைத் தாராளமாக எடுத்தார்கள் என்று கொஞ்சம் கடுமையாகச் சொல்லலாம். தென் கொரியாவிலும் ஜப்பானிய ஆட்சி போனபின், போரும் கம்யூனிஸ்ட் பயமும் நிலவுடைமையாளர்களைப் பலவீனப்படுத்தியிருந்த சமயத்தில்தான் அது நடந்தது. இந்த உதாரணங்களைக் கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டுகிறவர்கள் இந்தப் பின்னணியை விட்டுவிடுகிறார்கள்.

பிரேசில் நமக்கு நெருக்கமான உதாரணம். லூலா 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கிடைத்தது, பெரும்பாலும் தாயின் பெயரில். நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதம்தான் செலவு. கோடிக்கணக்கானவர்கள் கடும் வறுமையிலிருந்து மேலேறினார்கள். பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பெரிதாகத் தொடாமலே அது நடந்தது. தொடாததால்தான் நடந்தது என்றும் சொல்லலாம். நம் உரிமைத்தொகைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால், வாக்கு அரசியல் எங்கே போனாலும் ஒரே மாதிரித்தான் யோசிக்கிறது.

நிலமும் ஓட்டும் இருந்தும்

சரி, நிலம் இருந்தால் எல்லாம் முடிந்துவிடுமா? படகர்களைப் பார்க்கலாம். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பெரும்பாலும் அவர்கள்தான். ஹட்டிக்கு ஹட்டி, அதாவது ஊருக்கு ஊர் சங்கம், எல்லாக் கட்சியிலும் ஆட்கள், சட்டமன்றத்தில் பேச உறுப்பினர் என்று இருந்தும் பச்சைத்தேயிலை விலையை அவர்களால் பிடித்து நிறுத்த முடியவில்லை. சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தேயிலைக்கு அங்கே நிலையான வாடிக்கை இருந்தது. 1991இல் அது உடைந்தது. 1990களின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வங்கிக் கடனும் பெண் கல்யாணமும் ஒன்றாக நின்றுபோன வருடங்கள் அவை. வேலை தேடி திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. 2001இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை பத்தாண்டில் குறைந்ததற்கு இது ஒரு காரணம். இன்று கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய.

பச்சைத்தேயிலைக்கு விலை விவசாயி சொல்வதில்லை. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மாத விலை வருகிறது. ஏலத் தொகையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று தேயிலை வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது. ஏலத்தில் வாங்குகிறவர்கள் சில பெரிய கைகள். விலை படுத்தால் 65 சதவீதமும் சேர்ந்து படுக்கும். உற்பத்திச் செலவோடு பாதியைச் சேர்த்து கிலோவுக்கு ரூ. 33.50 வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ஹட்டிகள் மாறி மாறி உண்ணாவிரதம் இருந்தன. அரசு என்ன செய்யும்? மானியம் கொடுக்கும். கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்கோசர்வ் மூலம் ரேஷனில் ஊட்டி டீ விற்கும். இவை உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவனிடமிருந்து இரண்டு ரூபாயை எடுத்து விவசாயிக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச விலைச் சட்டம் வரவில்லை. நிலமும் ஓட்டும் கையில் இருந்தும் இங்கேயும் பணம் கஜானாவிலிருந்துதான் வருகிறது. வியாபாரியின் பையைத் தொடவில்லை.

அரசே நிலக்கிழாராக இருந்தால்

தனியாரிடமிருந்து எடுப்பது கஷ்டம், ஒப்புக்கொள்வோம். நிலம் அரசுடையதாகவே இருந்தால்?

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரு நாடு கைவிட்டவர்களை இரண்டு நாடுகள் எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து பறித்தவரை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. 1970களின் நடுவில் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. வறுமை ஒழிப்புத் திட்டம் என்ற வகையில் அது நேர்மையான முயற்சி: தெரிந்த தொழில், நிரந்தர வேலை, இருக்க லைன் வீடு, தோட்டத் தொழிலாளர் சட்டப்படி ஆஸ்பத்திரியும் பிள்ளைக்காப்பகமும்.

வேலையோடு சேர்ந்த வீடு, வேலை முடியும்போது போய்விடும். ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் ஓய்வு பெற்றவர் லைனைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை என்ற இழுபறியில் பலர் பல வருடம் சிக்கினார்கள். மகனோ மகளோ தோட்ட வேலைக்கு வந்தால் வீடு தப்பும். பிள்ளைகள் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வர மாட்டேன் என்பது குடும்பத்துக்குப் பெருமை, அதே சமயம் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு ஆபத்து. வறுமையிலிருந்து மேலேறுகிறவனைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்று வகுக்கவில்லை. நிலத்தின் மேல் உரிமை தராமல் வேலை மட்டும் தந்தால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

டான்டீ நஷ்டத்தில் விழுந்தது. 2022இல் 2,152 ஹெக்டேர் தோட்டத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. சேரம்பாடி, கொளப்பள்ளி, பந்தலூர் பக்கத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தேயிலை காடாவது பற்றி மட்டும் அவர்கள் கவலைப்படவில்லை; லைன் வீடு என்ன ஆகும், ஒரு வீட்டுமனையாவது கிடைக்குமா என்றும் கேட்டார்கள். டான்டீ நிலம் வனத்துறையிடம் குத்தகைக்கு எடுத்த காட்டு நிலம். திருப்பிக் கொடுக்க ஓர் அரசாணை போதும். அதில் ஒரு துண்டை வீட்டுமனையாக மாற்ற வேண்டுமென்றால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், அதற்கு மாற்று நிலம் காட்ட வேண்டும். தொகுதி எம்எல்ஏ நினைத்தாலும், ஏன், முதலமைச்சரே நினைத்தாலும் தன் கையெழுத்தில் முடியாது.

வன உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அந்தச் சட்டம் பழங்குடி அல்லாதவருக்கும் இடம் தருகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி அதே பகுதியில் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930க்கு முன்னாலேயே இங்கே இருந்திருக்க வேண்டும். 1930இல் இவர்களின் தாத்தாவும் பாட்டியும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலேயக் கம்பெனிகளுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.